இருபத்திரண்டு ஸ்லைடும் ஒரு மயில்நீலச் சேலையும்: சிவகாசிக்குப் பேசப் போன மூன்று நாள்

போன ஜூன் கடைசி வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் விருதுநகர், சிவகாசிப் பக்கம் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை, பேசப் போனேன். கோயம்புத்தூரில் ஒரு சிறிய தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தொழிற்சாலை ஆட்கள் உடுப்புக்கு மேலே போட்டுக்கொள்ளும் பருத்திக் கோட்டு தைக்கிறோம். பன்னிரண்டு வருடம் செக்கிங் டேபிளில் நின்று நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவளை, வாய் நன்றாக இருக்கிறது என்று முதலாளி விற்பனைக்கு மாற்றினார். மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் நான்கு ஊருக்குப் போய் நான்கு பிரசன்டேஷன் கொடுத்திருந்தேன். நான்கு ஊரிலும் டீ நன்றாக இருந்தது. ஆர்டர்தான் வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் முதலாளி கூப்பிட்டார். "ஏனுங்க, இந்தச் சிவகாசி ஆர்டரும் வரலீன்னா நீங்க பழையபடி செக்கிங் டேபிளுக்கே வந்துருங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். தப்பாகத்தான் நினைத்தேன். செக்கிங் டேபிள் ஒன்றும் கேவலமான இடமில்லை. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் ஊராகப் போகிற வேலை நாற்பத்தொரு வயதில் கைக்கு வந்த பிறகு, திரும்பவும் ஜன்னல் இல்லாத அந்த ஹாலில் போய் நிற்க மனசு ஒப்பவில்லை.

அதனால் விழுந்து விழுந்து தயார் செய்தேன். இருபத்திரண்டு ஸ்லைடு போட்டேன். கண்ணாடி முன்னால் நின்று ஒன்பது தடவை பேசிப் பார்த்தேன். என் மகள் பத்தாவது தடவை கேட்க மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். ஆயிரத்து நானூறு ரூபாய்க்கு மயில்நீலத்தில் ஒரு சேலையும் எடுத்தேன். எத்தனை மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தாலும் மடிப்புக் கலையாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். அவர் சொன்னது உண்மைதான்.

முதலில் வழி. செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். மதுரை ஆரப்பாளையத்துக்கு ஐந்தே முக்கால் மணி நேரம், இருநூற்றுப் பதினைந்து ரூபாய். தெற்கே போகிற பஸ் அங்கே கிடைக்காது, மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். ஆனால் கையில் லேப்டாப் பை, தோளில் கோட்டு மூட்டை என்று ஏறினால் கண்டக்டர் நம்மை ஒரு மாதிரிதான் பார்ப்பார். மாட்டுத்தாவணியிலிருந்து விருதுநகர் ஒன்றேகால் மணி நேரம், ஐம்பது ரூபாய். வழியில் சாப்பாடு, காத்திருப்பு எல்லாம் சேர்த்து நான் போய் இறங்கும்போது மணி ஐந்து.

சிவகாசியிலேயே தங்கலாம். நான் விருதுநகரில் தங்கியதற்குக் காரணம் பரோட்டா. மறைக்க என்ன இருக்கிறது? பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு லாட்ஜ், ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம். பெட்டியை வைத்துவிட்டுக் கடைத்தெருப் பக்கம் நடந்தேன். மிளகாய் வற்றல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொடர்ந்து ஆறு தும்மல் வந்தது, சுமை இறக்கியவருக்கு ஒன்றுகூட வரவில்லை. ஆறரைக்கெல்லாம் எண்ணெயில் பொரித்த பரோட்டா இரண்டு, சால்னாவோடு. மொறுமொறுவென்று இருந்தது. மூன்றாவதும் கேட்டிருப்பேன், புதுச் சேலைக்கு ரவிக்கை அளவெடுத்துத் தைத்திருந்ததால் விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை எட்டே காலுக்கு சிவகாசி பஸ். இருபத்தேழு கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய், ஐம்பது நிமிடம். திருத்தங்கல் வந்ததும் பஸ்ஸில் பாதி இறங்கிவிடுகிறது. எல்லோரும் அச்சகத்துக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் போகிறவர்கள். சிவகாசியில் இறங்கி இட்லி சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்குச் சரியாக, நான் பேச வேண்டிய பட்டாசுக் கம்பெனியின் டவுன் ஆபீசுக்குப் போய்விட்டேன். தொழிற்சாலை ஊருக்கு வெளியே ஒன்பது கிலோமீட்டர். அந்தக் கம்பெனி முதலாளியைப் பார்ப்பதென்றால் டவுன் ஆபீஸ்தான்.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சுவரில் படம் விழ வசதியாகக் காலண்டர்களைக் கழற்றி வைத்திருந்தார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. எங்கள் கம்பெனி எப்போது தொடங்கியது, எத்தனை மெஷின், எத்தனை தையல்காரர் என்று ஆரம்பித்தேன். ஆறாவது ஸ்லைடில் ஒரு வட்டப்படம். அது வந்ததும் அண்ணாச்சி கையைத் தூக்கினார்.

"படத்த நிப்பாட்டுங்க மேடம். துணியக் குடுங்க."

கோட்டை எடுத்துக் கொடுத்தேன். விரலால் தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார். பட்டன் இல்லை, பட்டாசு மருந்துத் தூள் சேரும் என்பதால் பையும் இல்லை, பின்னால் நாடா போட்டு முடிச்சு. அதையெல்லாம் பதினான்காவது ஸ்லைடில் சொல்வதாக இருந்தேன். அவர் அரை நிமிடத்தில் தானே பார்த்துவிட்டார்.

"துணி நல்லாருக்கு. ஆனா இதுக்கு முன்னாடியும் ஒருத்தரு வந்தாரு, நூறு கோட்டு வாங்குனோம். ஒருத்தரும் போடல. இப்ப அது மூட்டைய மூடத்தான் ஆகுது. எங்க ஆளுக போடுவாகன்னா வாங்குறேன். நீங்களே போயிப் பேசுங்க. சாயங்காலம் நாலரைக்கு வந்து சொல்லுங்க" என்றார்.

பதினாறு ஸ்லைடு மிச்சம் இருக்கும்போதே லேப்டாப்பை மூடினேன். மணி பத்து இருபது.

ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் என்னைக் கண்ணாடியில் இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, "மேடம், இந்தச் சேலையோடயா கம்பெனிக்குள்ள போகப் போறீக?" என்று கேட்டார். சேலையைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, "ஆமாங்க, புதுசுங்க" என்றேன். அவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

தொழிற்சாலை வாசலில் ஜெபமணி அக்கா இருந்தார். உள்ளே போகும் பெண்களைச் சோதித்து அனுப்புவது அவர் வேலை. போன், லேப்டாப், பேனா டார்ச், கொண்டை ஊசி, கண்ணாடி வளையல் எல்லாம் வாங்கி ஒரு தட்டில் வைத்தார். பிறகு என் முந்தானையை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தார். முகம் மாறிவிட்டது.

"யம்மா, இது பாலியஸ்டருல்ல? கோட்டு விக்கவா வந்திருக்கீக?"

"ஆமாங்க."

"என்ன கோட்டு?"

"பருத்திக் கோட்டுங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா சிரிக்கக்கூட இல்லை. இங்கே பாலியஸ்டர், நைலான் எதுவும் உள்ளே போகக் கூடாது. உரசினால் துணியில் மின்சாரம் ஏறும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். அதற்குத்தான் பருத்திக் கோட்டே. இதை நான் ஒன்பதாவது ஸ்லைடில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தேன். சிவப்பு எழுத்தில் போட்டுவிட்டு, மயில்நீலத்தில் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. அவமானம் என்றால் அதுதான்.

அக்கா ஒரு பையிலிருந்து வெளுத்துப்போன பச்சைப் பருத்திச் சேலையை எடுத்தார். "எவளாவது மறந்து கெட்டிட்டு வந்தா குடுக்க ரெண்டு வச்சிருக்கேன். போயி மாத்திட்டு வாங்க." நல்லவேளை, ரவிக்கை பருத்தி. சேலை எனக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது. உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டில் கையை வைத்து எடுத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனேன்.

போர்மேன் செல்வராஜ் மெலிந்த மனிதர், நிதானமாகப் பேசுவார். எல்லோரையும் ஒரு ஹாலில் உட்கார வைக்கும்படி நான் வாசலிலிருந்தே ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருந்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"மேடம், இங்கன ஹாலே கெடையாது. அந்தா தனித்தனியா தெரியுதுல்ல, அம்புட்டும் வேலை நடக்குற ரூம்புக. ஒரு ரூம்புக்கு நாலு பேருதான். நீங்க உள்ள போனீகன்னா அஞ்சாவது ஆளு. போகக் கூடாது."

ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, நான்கு பக்கமும் வாசல் வைத்த சின்னச் சின்ன அறைகள் வெயிலில் நின்றன. கூட்டம் சேரவே கூடாது என்று கட்டிய இடத்தில், கூட்டம் கூட்டிப் பேச வந்திருக்கிறேன். செல்வராஜ் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: இந்தக் கோட்டால் தனக்கு என்ன கூடுதல் வேலை? யார் துவைப்பார்கள், எங்கே காயப்போடுவது, கிழிந்தால் யாரிடம் சொல்வது? எங்கள் கம்பெனி எப்போது தொடங்கியது என்பது பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஆளுக்கு இரண்டு கோட்டு, துவைப்பது இங்கேயே, கிழிந்தது எங்களுக்கு வந்துவிடும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்து அதையும் பைக்குள் வைத்தார்.

"பன்னெண்டரைக்குச் சாப்பிட வருவாக. பதினஞ்சு நிமிசம். பீசு ரேட்டு வேலை, எண்ணிக்கைக்குத்தான் கூலி, அதுக்கு மேல ஒருத்தியும் உக்கார மாட்டா" என்றார்.

அறைகளை விட்டு எட்டத்தில், தகரக் கூரை போட்ட சாப்பாட்டு இடம். முப்பது பெண்கள் இருப்பார்கள். தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டார்கள். நான் எழுந்து நின்று, "அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனம் சார்பாக..." என்று ஆரம்பித்தேன். ஒருத்தி ஊறுகாய் கேட்டாள், இன்னொருத்தி கொடுத்தாள். என்னை யாரும் பார்க்கவில்லை. மூன்று நிமிடம் போய்விட்டது. செக்கிங் டேபிள் கண்ணுக்குத் தெரிந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அண்ணாந்து பார்த்து, "யக்கா, சாப்பிட்டீகளா?" என்றாள். முப்பது வயதிருக்கும். பெயர் மாரீஸ்வரி என்று பிறகு தெரிந்தது.

இல்லை என்றேன். "அப்ப உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா எங்களுக்கு எப்பிடி எறங்கும்?" என்று தன் சட்டி மூடியில் புளிச்சோறு வைத்து நீட்டினாள். உட்கார்ந்தேன். வாயில் ஒரு பிடி போட்டதும் என்னை அறியாமல், "இது என் சேலை இல்லீங்க. ஜெபமணி அக்கா சேலை. பருத்திக் கோட்டு விக்கறதுக்குப் பாலியஸ்டர் கட்டீட்டு வந்து வாசல்லயே மாட்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். பிறகு சிரிப்பு பாருங்கள், தகரக் கூரை அதிர்ந்தது. ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. ஜெபமணி அக்காகூட வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு கோட்டைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மாரீஸ்வரி ஒன்றைப் போட்டுப் பார்க்கிறேன் என்றாள். செல்வராஜ் துணியையும் தையலையும் சோதித்துவிட்டு, மருந்து தொடாத, காகிதக் குழாய் ஒட்டும் அறையில் மட்டும் போட்டு வேலை செய்யச் சொன்னார். பன்னிரண்டே முக்காலுக்கு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

நான் ஜெபமணி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். மூன்றரைக்கு வேலை முடிந்து மாரீஸ்வரி வந்தாள். கோட்டு கையில் சுருட்டி இருந்தது.

"யக்கா, மனசுல ஒண்ணும் வச்சுக்கிராதீக. இத எந்திரிச்சு நின்னா போட்டுக்கிரலாம். உக்காந்தா முடியல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து காட்டினாள். ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, அவர்கள் நாள் முழுக்க உட்காரும் விதம். முன்பக்கம் தொடையில் இறுகி மேலே ஏறியது. கையை நீட்டினால் தோள் இழுத்தது. சுவரில் சாய்ந்தால் முதுகில் முடிச்சு குத்தியது. எங்கள் ஊரில் மில் ஆட்கள் மெஷின் முன்னால் நிற்பார்கள். நிற்கிறவர்களுக்கு வெட்டிய கோட்டு அது. பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கோட்டை ஆயிரக்கணக்கில் சோதித்திருக்கிறேன், ஒரு தடவைகூடப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்ததில்லை.

நாலரைக்கு அண்ணாச்சியிடம் என்ன சொல்வது? "எல்லாருக்கும் பிடிச்சிருக்குங்க" என்று சொல்லிவிட்டால் ஆர்டர் வந்துவிடும். மூட்டையை மூட இன்னும் ஒரு நூறு கோட்டு. பொய் சொல்ல ஆசை வரவில்லை என்றால் அதுவும் பொய். நன்றாகவே வந்தது. ஆனால் புளிச்சோறு வாங்கிச் சாப்பிட்டவளால் அதைச் சொல்ல முடியவில்லை. "என்கூட ஆபீசுக்கு வர்றீங்களா? நீங்களே சொல்லுங்க" என்றேன். அவள் பின்னாலேயே வந்திருந்த செல்வராஜைப் பார்த்தாள். அவர், "போயிட்டு வா. உள்ளத உள்ளபடி சொல்லு" என்றார். மாரீஸ்வரி வீடு திருத்தங்கலில், டவுனிலிருந்து பஸ் உண்டு. கம்பெனி வேனிலேயே இரண்டு பேரும் டவுனுக்கு வந்தோம். பச்சைச் சேலை என் உடம்பிலேயே இருந்தது, டவுனில் மாற்றி மாரீஸ்வரியிடம் கொடுத்துவிடும்படி ஜெபமணி அக்கா சொல்லியிருந்தார்.

பதினோரு வருடமாக வேலை பார்க்கும் மாரீஸ்வரி அந்த ஆபீசுக்குள் வந்தது அன்றுதான் முதல் தடவை. நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். "சேருல உக்காந்தா காட்ட முடியாது அண்ணாச்சி" என்று கோட்டைப் போட்டுக்கொண்டு நேராகத் தரையில் உட்கார்ந்தாள். தொடையில் ஏறுவதையும், தோள் இழுப்பதையும், முடிச்சையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அப்ப வேணாங்கிறியா?" என்றார் அவளிடம்.

"வேணாம்னு யாரு சொன்னா? ரெண்டு பக்கமும் வெட்டு விட்டு, முடிச்ச இடுப்புப் பக்கம் கொண்டாரச் சொல்லுங்க. இப்ப நாங்க எதப் போட்டுக்கிட்டு உக்காருறோம்னு தெரியுமா அண்ணாச்சி? வீட்டுக்காரரோட பழைய சட்டை. அதுல பை இருக்கு. பை பூராம் பவுடரு. அந்தச் சட்டையோடயே வீட்டுக்குப் போயி, அந்தக் கையோடதான் பிள்ளயத் தூக்குறோம். இதுன்னா கழட்டி கம்பெனிலயே போட்டுட்டுப் போயிருவோம்ல. வெறும் ஆளா வீட்டுக்குப் போகலாம்."

இருபத்திரண்டு ஸ்லைடில் இது ஒன்றிலும் இல்லை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத ஏம்மா இத்தன வருசமாச் சொல்லல?"

"யாரும் கேக்கலையே அண்ணாச்சி."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி தச்சு, மொதல்ல அறுபது அனுப்புங்க. அது போட்டுப் பாத்துச் சரின்னு சொல்லட்டும், மிச்சத்தப் பேசுவோம்" என்றார். அங்கிருந்தே எங்கள் முதலாளிக்குப் போன் போட்டேன். முதலில் ஆர்டர் என்றேன், சந்தோஷப்பட்டார். பிறகு வெட்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்றேன். "செரி, வாங்க, பாத்துக்கலாம்" என்றார்.

அன்று மாலை விருதுநகரில் மூன்று பரோட்டா. வியாழக்கிழமை வந்த வழியே திரும்பினேன்.

இந்தப் பக்கம் பேசப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உள்ளாடை வரைக்கும் பருத்தி கட்டிக்கொண்டு போங்கள். தொழிற்சாலைக்குள் லேப்டாப்பும் போனும் வராது, பொருளையும் தாளையும் நம்பிப் போங்கள். காலை பத்து மணிக்கு டவுன் ஆபீஸ், பன்னிரண்டரைக்குத் தொழிற்சாலை என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டும் முடியும். எனக்குச் சாப்பாடு, தங்கல் உட்பட மூன்று நாளைக்கு மூவாயிரத்து அறுநூறு ஆனது. முதலாளிக்கு முதலில் பொருளைக் கையில் கொடுங்கள், படம் பிறகு போதும். மேற்பார்வை பார்ப்பவருக்கு அவர் வேலை கூடுமா குறையுமா என்பதைச் சொல்லிவிட்டால் மற்றதைக் கேட்பார். வேலை செய்கிறவர்களிடம் நின்றுகொண்டு பேசாதீர்கள். அவர்கள் பதினைந்து நிமிடத்தில் பாதியை அவர்களுக்கே விடுங்கள். சாப்பாடு கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். குறை சொன்னால் குறுக்கே பேசாதீர்கள். எனக்கு இது கடைசி வாய்ப்பாக இருந்ததால் பயத்தில் நிறையப் பேசக் கற்றுக்கொண்டு போனேன். கேட்கக் கற்றுக்கொண்டு போயிருக்கலாம்.

அறுபதும் போய், மாரீஸ்வரி சரி என்று சொல்லி, அடுத்த இருநூறும் இப்போது தைத்துக்கொண்டிருக்கிறோம். நான் இன்னும் ஜன்னலோர சீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் கம்பெனியில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. ஒவ்வொரு புது வெட்டுக்கும் கட்டிங் மாஸ்டர் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, ஹால் நடுவில் தரையில் உட்கார வேண்டும். அவர் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து, கையை நீட்டிப் பார்த்து, தோள் இழுக்கவில்லை என்று தலையாட்டுகிறார். அப்புறம் அவரைத் தூக்கிவிட செக்கிங் டேபிளிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள்.